அண்ணாச்சி வீட்டுச் சுவரில் வைத்த கண்

எழுத வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் என் பக்கம் திரும்பினாலே முந்தானையைத் திருகிக்கொண்டு நிற்பேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தும் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் வெள்ளம், கட்டட விதி, சுவர் என்று எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் எங்கள் தெருவில் நடந்த ஒரு நல்ல காரியத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களில், எழுத நேரம் கிடைத்தவள் நான் ஒருத்திதான். மின்சாரம் இல்லாத மத்தியானங்களில் தையல் மெஷின் ஓடாது. அந்த நேரத்தில் எழுதினேன்.

எங்கள் தெரு ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு மேற்கே மலையைப் பார்த்துப் போகும் பாதையில் இருக்கிறது. தெரு முடிகிற இடத்தில் ஓடை. வருஷத்தில் பெரும்பாலும் அதில் மணலும் சீமைக் கருவேலமும்தான். ஆடு மேயும், பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மழை பிடித்துக்கொண்டால் கதை வேறு. எங்கள் தெருவில் தூறல்கூட விழாமல் இருக்கும், ஓடை மட்டும் கரை தட்டி வந்து நிற்கும்.

ஓடையை ஒட்டிய முதல் வீடு மிலிட்டரி அண்ணாச்சியுடையது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து கட்டியது. முற்றத்தில் குரோட்டன்ஸ் செடிகள் அணிவகுப்பு மாதிரி வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையடித்த செங்கல். அவர் வீட்டுக்கு வடக்கே ஒரு சந்து. சந்தைத் தாண்டிக் கொஞ்சம் பள்ளத்தில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரருக்கு ராஜபாளையத்தில் மில் வேலை, ஷிப்டு. நான் முன்னறையில் மெஷின் போட்டு, தளவாய்புரத்திலிருந்து வெட்டி வரும் துணியை நைட்டியாகத் தைத்துக் கொடுக்கிறேன்.

அண்ணாச்சி வீட்டின் மேற்குச் சுவர், ஓடைப் பக்கச் சுவர், ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். கருங்கல் அஸ்திவாரம். அவர் அதைக் கட்டியபோது தெருவே வந்து பார்த்துப் பாராட்டியது. அந்தச் சுவர் வருவதற்கு முன்னால், கரை மீறிய தண்ணீர் அந்த மனையில் பரவிக் கிழக்கே தென்னந்தோப்புக்குள் போய் வடிந்துவிடும். சுவர் வந்த பிறகு அதில் முட்டி, வடக்கே திரும்பி, சந்தில் இறங்கி, எங்கள் முன்னறைக்குள் வந்தது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். எங்கள் ஜன்னலில் நின்று பார்த்தால் போதும்.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு தடவை தண்ணீர் வரும்போதும் முதலில் ஓடி வருகிறவர் அண்ணாச்சிதான். தலையில் பிளாஸ்டிக் பை, ஒரு கையில் கயிறு, ஒரு கையில் டார்ச்.

"தங்கச்சி, மொதல்ல மெஷினு, பொறவு துணி. மாப்ளே, நீரு அந்தப் பக்கம் பிடியும்."

என் மெஷினைத் தோளில் வைத்துத் தன் வீட்டு மாடிக்குக் கொண்டுபோவார். மதினி, அதாவது அவர் மனைவி, சுக்குக் காப்பியும் உப்புமாவும் வைத்துக் கொடுப்பார். அவர்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து அவர்கள் வீட்டு உப்புமாவைத் தின்றுகொண்டே, உங்கள் சுவரால்தான் எங்களுக்கு இந்தக் கதி என்று எப்படிச் சொல்வது?

"நீங்க சொல்லியிருக்கலாம்ல," என்று ஒருமுறை என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"வாயில இருக்கத முழுங்கிட்டுச் சொல்லலாம்னு பாத்தேன். அதுக்குள்ள மதினி இன்னொரு கரண்டி வச்சிட்டாக," என்றார்.

கடைசியாக வந்த வெள்ளத்தில் துணிக்கட்டு முழுக்கச் செம்மண் தண்ணீரில் ஊறிவிட்டது. தளவாய்புரத்திலிருந்து துணி கொண்டுவருகிறவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "அக்கா, இன்னொரு மழைக்கு இப்படி ஆச்சுன்னா நான் வேற வீட்டுக்குத்தான் துணி போடணும், தப்பா நெனைக்காதீக," என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மழைக்கு முன்னறைக்குள் தண்ணீர் ஏறினால் என் தையல் முடிந்தது என்று அர்த்தம்.

அந்த ஆடி மாதம், ஓடைக்கரையில் வீடு கட்டுவதற்கான பழைய விதிகளை மாற்றப் போகிறார்கள் என்று பஞ்சாயத்திலிருந்து தெருவில் அறிவித்தார்கள். பள்ளிக்கூடத்துத் தகரக் கொட்டகையில் கூட்டம். விதியைப் படித்துக் காட்ட ஒரு இன்ஜினியர் மேடம் வந்திருந்தார். வத்திராயிருப்புக்காரர், சின்ன வயசு, ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். "எங்க ஊர்லயும் மலைத் தண்ணிதான், எனக்கும் அது உறவுக்காரங்க மாதிரி, சொல்லாமத்தான் வரும்," என்று ஆரம்பித்தார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

காகிதத்தில் இருந்ததை அப்படியே வாசிக்காமல் எங்கள் பேச்சிலேயே சொன்னார். ஓடைக்கரையை ஒட்டிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் இனிப் புது வீடு கிடையாது. புது வீட்டின் தரை, போன வெள்ளம் நின்ற மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். தண்ணீர் போகிற பாதைக்குக் குறுக்கே சுற்றுச்சுவர் எழுப்பினால் அதற்குக் கண் வைக்க வேண்டும்.

பாலத்துக்கு அடியில் தண்ணீர் போகிற திறப்பை நாங்களும் கண் என்றுதான் சொல்வோம். மூணு கண் பாலம், அஞ்சு கண் பாலம் என்று. ஆனால் சுவருக்குக் கண் என்றதும் கொட்டகையில் யாருக்கும் பாலம் ஞாபகம் வரவில்லை. தெரு முனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பாய் எழுந்தார்.

"மேடம், கண்ணு பட்டுரக் கூடாதுன்னு ஊரே வாசல்ல பூசணிக்கா கட்டுது. என் கடையில அந்த யாவாரமே தனி. இப்ப கவருமெண்டே வந்து வீட்டுக்குக் கண்ணு வைங்கன்னு சொன்னா எப்படி?"

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. மேடமும் சிரித்தார். "பூசணிக்காயப் பாத்துத் தண்ணி பயப்படாது பாய். சுவத்துக்கு அடியில ஓட்டை விட்டா அது பாட்டுக்குப் போயிரும். அதத்தான் சொன்னேன்."

"அப்ப ஓடையோரம் நான் வாங்கிப் போட்ட எடத்துல வீடு கட்ட ஏலாது. என்ன செய்ய, மீனு வளக்கவா?"

"வாழை வைங்க. வீடு கட்டுனா மீனு தன்னால வந்துரும்."

பாய் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். ஆனால் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டதையும் பார்த்தேன். அந்த இடம் அவர் மகளுக்கென்று வாங்கியது. மேடமும் அதைக் கவனித்திருக்க வேண்டும். கூட்டம் முடிந்த பிறகு அவர் கடைக்குப் போய், அந்த இடத்தில் எதெல்லாம் செய்யலாம் என்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

பின்னால் இருந்த பெண்கள், ஓட்டை விட்டால் பாம்பு வருமே என்றார்கள். மேடம் ஒரு நிமிஷம் யோசித்தார். "இத நான் யோசிக்கல," என்று சொல்லி, கண்ணுக்குக் கம்பி அடைப்பு வைக்க வேண்டும் என்று அங்கேயே சேர்த்து எழுதி, எல்லோருக்கும் திரும்ப வாசித்துக் காட்டினார். கையில் கொண்டுவந்ததை ஊர் முன்னால் திருத்துகிற அதிகாரியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்போது அண்ணாச்சி எழுந்தார். நிமிர்ந்து, கையைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு.

"ஏற்கெனவே கட்டுன சுவத்துல யாரும் கை வைக்கக் கூடாது. எல்லையில காவல் நின்னவன் நான். என் எல்லைய விட்டுக் குடுக்க மாட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வரைக்கும் போவேன்."

"அம்புட்டு தூரம் போக வேண்டாம் சார். இது இனிமே கட்டுறதுக்குத்தான். உங்க சுவத்துக்குப் பொருந்தாது. நீங்க சொன்னதால அதையும் தெளிவா எழுதிருதேன்."

அண்ணாச்சி ஜெயித்தவராக உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் முழங்கையால் என்னை இடித்தார். "வேற யாராச்சும் எதுவும் சொல்லணுமா?" என்று மேடம் கேட்டார். அவர் பார்வை ஒவ்வொரு முகமாக வந்து என் முகத்தில் செத்த நேரம் நின்றது. நான் தரையைப் பார்த்தேன். முந்தானை நுனி கசங்கிப் போயிருந்தது.

விதி நிறைவேறிய சில நாளில் மேடம் மறுபடி வந்தார். போன வெள்ளம் எதுவரை ஏறியது என்று ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் நீலக் கோடு போட வேண்டுமாம். நாளைக்கு யார் வீட்டை எடுத்துக் கட்டினாலும் தரை அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற நீளமான டியூபில் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். ஒரு நுனியை இங்கே பிடித்து, மறு நுனியை எங்கே கொண்டுபோனாலும் இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். மறு நுனியைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார்.

"நான் வாரேன். இவனுக பிடிச்சா கோடு கொடை சாஞ்சிரும்," என்று அண்ணாச்சி முன்னால் வந்தார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, காலையிலிருந்து வீடு வீடாக நின்றார். அவருக்கு இதில் ஒரு உற்சாகம். வேலை என்று வந்துவிட்டால் அவர் கோபத்தை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்.

அவர் சுவரின் வெளிப்பக்கம் கறை அவர் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. உள் முற்றத்தில் கறையே இல்லை. "இங்க ஒரு சொட்டு வரல மேடம்," என்று பெருமையாகச் சொன்னார். மேடம் வெளியே வந்தார். ஒரு நுனியை வெளிச்சுவரின் கறையில் தானே வைத்துக்கொண்டு, "நீங்க அந்த நுனியோட அக்கா வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி," என்றார். சார் அதற்குள் அண்ணாச்சி ஆகியிருந்தார்.

அண்ணாச்சி டியூபை இழுத்துக்கொண்டு சந்து வழியாக என் முன்னறைக்குள் வந்தார். "எங்க வைக்கட்டும் தங்கச்சி?"

மெஷினுக்குப் பின்னால் சுவரைக் காட்டினேன். எத்தனை தடவை வெள்ளையடித்தும் போகாத செம்மண் கறை அது. அவர் டியூபைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தார். உள்ளே தண்ணீர் மேலும் கீழும் ஆடிவிட்டு நின்றது. கறையிலேயே நின்றது.

"எங்க நிக்குது அண்ணாச்சி?" வெளியிலிருந்து மேடத்தின் குரல்.

அவர் குனிந்து டியூபைப் பார்த்தார். கையில் இருந்த நுனியிலிருந்து பார்வையை டியூப் போன வழியே கொண்டுபோனார். அது என் வாசல்படியில் இறங்கி, சந்தில் நெளிந்து, அவர் சுவரில் போய் முடிந்தது. தண்ணீர் வந்த பாதையும் அதுதான். அன்று அது டியூபுக்குள் அடங்கிக் கிடந்தது, அவ்வளவே.

"அண்ணாச்சி, எங்க நிக்குது?"

"கறையில நிக்குது," என்றார், வெளியே கேட்காத குரலில். பிறகு என்னைப் பார்த்தார். "இம்புட்டு வருஷமும் இது என் சுவத்துத் தண்ணியா தங்கச்சி?"

"மோர் கொண்டாறேன் அண்ணாச்சி," என்று உள்ளே போய்விட்டேன். மோரைக் கலக்க வேண்டிய நேரத்துக்கு மேல் கலக்கினேன். திரும்பி வந்தபோது நீலக் கோடு போட்டு முடித்துவிட்டார்கள். அவர் நின்றபடியே மோரைக் குடித்துவிட்டு டியூபைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் அவர் வீட்டில் கொத்தனார் வேலை நடக்கிற சத்தம் கேட்டது. சாயங்காலம் எங்களைக் கூப்பிட்டார். மேற்குச் சுவரில் வரிசையாகச் சதுர ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் சிமெண்டில் பூ டிசைன் வைத்த சல்லடை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. எல்லாம் அவர் நெஞ்சு உயரத்தில் இருந்தன.

"விதி எனக்குக் கெடையாது. இருந்தாலும் கண்ணு வச்சிட்டேன்," என்றார். "பாம்பு இம்புட்டு ஒசரம் ஏறாது. கண்ணுன்னா கண்ணு இருக்க எடத்துலதான இருக்கணும்."

என் வீட்டுக்காரர், "ஷிப்டுக்கு நேரமாச்சு," என்று நழுவிவிட்டார். மதினி என்னைப் பார்த்தார். கொத்தனார் என்னைப் பார்த்தார். அண்ணாச்சி, நான் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வேன் என்று காத்திருந்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. தளவாய்புரத்துக்காரர் தன்மையாகச் சொன்னது காதில் இருந்தது.

"பூவு நல்லா இருக்கு அண்ணாச்சி," என்றேன். பிறகு, "ஆனா தண்ணி குனிஞ்சுல்ல வரும்," என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அண்ணாச்சி சுவரைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் குந்தி, தண்ணீர் வரும் உயரத்திலிருந்து சுவரைப் பார்த்தார். அங்கே வெறும் கருங்கல்தான் தெரிந்தது. குந்தியபடியே சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏலே, தண்ணி குனிஞ்சு வருமாம்ல. நீ எத்தன பாலத்துக்குக் கண்ணு வச்சிருப்ப, ஒனக்குத் தெரியலையா?"

"நீங்கதான அண்ணாச்சி நெஞ்சு ஒசரம்னு சொன்னீக," என்றார் கொத்தனார். "நானும் மிலிட்டரில அப்படித்தான் வைப்பாக போலன்னு நெனைச்சேன்."

மறுபடி வேலை தொடங்கியது. இந்தத் தடவை அடியில், கருங்கல்லைப் பெயர்த்து, கம்பி அடைப்போடு. மேடம் ஒருநாள் வழியில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்து, உள்ளே வருகிற தண்ணீர் வெளியே போகக் கிழக்குச் சுவரிலும் கண் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவும் ஆயிற்று. குரோட்டன்ஸ் அணிவகுப்பை நடுவில் பிரித்து வழி விட்டார். மதினிக்குத் தன் மல்லிகைக் கொடியைப் பற்றித்தான் கவலை.

"முத்தம் பூரா சேறாயிரும். என் மல்லி என்னத்துக்கு ஆவும்?"

"ஏட்டி, மல்லிக்குத் தண்ணி ஊத்துறேன்னு தெனமும் கொடம் தூக்குறல்ல. இந்த வருஷம் ஓடையே வந்து ஊத்தட்டும்."

மேலே இருந்த பூக் கண்களை அவர் அடைக்கவில்லை. பாய் வந்து பார்த்துவிட்டு, "மேல கண்ணு, கீழ வாயி. ஒரு பொட்டு வச்சா சுவரு பேச ஆரம்பிச்சிரும்," என்றார். மதினி பாய் கடையிலேயே படிகாரமும் கறுப்புக் கயிறும் வாங்கி வந்து, அந்தக் கண்களில் ஒன்றில் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிட்டார்.

அண்ணாச்சியை நினைக்கும்போது எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. கூட்டத்தில் எழுந்து நின்று வாதாடி, அந்த விதி தன்னைக் கட்டுப்படுத்தாது என்று எழுத வைத்தவர் அவர். யாரும் அவரைக் கேட்க முடியாது. கோர்ட்டுக்குப் போனாலும் அவர்தான் ஜெயிப்பார். அப்படி ஜெயித்த மனிதர் தன் முற்றத்துக்குச் சேற்றை வரவழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தெருவில் பழைய சுவர் வைத்திருந்த இன்னும் சில பேரும் அடியில் கண் வைத்தார்கள். யாரும் போய் அவர்களிடம் சொல்லவில்லை.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் மலை கறுத்தது. என் வீட்டுக்காரர் ஷிப்டில் இருந்தார். முந்தின வாரம்தான் புதிய துணிக்கட்டு வந்திருந்தது. கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்து, துணியை அதன்மேல் ஏற்றிவிட்டு வாசலில் நின்றேன். ஓடைச் சத்தம் முதலில் வந்தது, பிறகு தண்ணீர். சந்தின் மேற்குக் கோடியில் அண்ணாச்சி வருவது தெரிந்தது. தலையில் பிளாஸ்டிக் பை, கையில் கயிறு, டார்ச். பழக்கம்.

"மெஷினத் தூக்கிருவோமா தங்கச்சி?"

"செத்த நேரம் பாப்போம் அண்ணாச்சி."

இரண்டு பேரும் வாசலில் நின்றோம். தண்ணீர் கரை மீறி அவர் சுவரில் முட்டியது. கொஞ்சம் ஏறியது. நான் உள்ளே திரும்பி மெஷினைப் பார்த்தேன். அப்புறம் குடத்தைக் கவிழ்த்தது போல் ஒரு சத்தம் சுவருக்கு உள்ளேயிருந்து வந்தது. கண்கள் வாங்கிக்கொள்ள ஆரம்பித்துவிட்டன. சந்தில் கணுக்கால் அளவு வந்தது. எங்கள் முதல் படியை நனைத்தது. இரண்டாம் படிக்கு ஏறவில்லை. மழை விடும்வரை அங்கேயே நின்றது.

சந்திலிருந்து பார்த்தால் அவர் வீட்டு முற்றம் தெரியும். குரோட்டன்ஸ் வழியாகச் செம்மண் தண்ணீர் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. மல்லிகைக் கொடி படுத்துவிட்டது. வெள்ளைச் செங்கல் ஒன்று உருண்டு போனது. அவர் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றார். கையில் இருந்த கயிற்றை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"எனக்கு இன்னைக்கு வேலை இல்லாமப் போச்சே," என்றார்.

"உள்ள வாங்க அண்ணாச்சி. சுக்குக் காப்பி போடுறேன்."

முன்னறையில், நீலக் கோட்டுக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து குடித்தார். மதினிக்கும் ஒரு தூக்கில் ஊற்றிக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி மம்பட்டியை எடுத்து முற்றத்துச் சேற்றை வாரி வெளியே போட்டார். மத்தியானம் தளவாய்புரத்திலிருந்து வண்டி வந்தது. தைத்து வைத்திருந்த நைட்டிகளை ஏற்றிவிட்டேன்.